கோதாவரிக் கரையில் செட்டு மரங்கள்

தெலுங்கு பாஷையில் மரத்துக்குச் 'செட்டு' என்று பெயர். நம் தமிழிலோ செட்டு என்றால் சிக்கனம். இந்த இரண்டு செட்டுகளும் கூடி வாழும் ஊர் ஒன்று உண்டென்றால், அது ராஜமகேந்திரவரத்துக்குப் பக்கத்தில் உள்ள கடியபுலங்கா என்னும் கிராமந்தான். சென்ற டிசம்பர் மாதம், அரைப் பரீட்சை விடுமுறையில், இரண்டாயிரம் ரூபாயையும் ஒரு கோணிப்பையையும் எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய் வந்தேன். போன காரியத்தைச் சொல்லாமல் ஊரைப் பற்றி மட்டும் சொன்னால் நேயர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆகையால் காரியத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பூர்வீக வீடு தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தது. கொல்லையில் ஒரு பெரிய புளியமரம். மூன்று வருஷத்துக்கு முன் வீட்டை விற்றுவிட்டு என் தாயாரைச் சென்னைக்கு அழைத்து வந்தேன். இங்கே எங்களுக்கு வாய்த்தது மூன்றாவது மாடி. நாங்கள் தரை என்று சொல்வது கீழ்வீட்டுக்காரருடைய கூரை. எங்கள் கூரை மேல்வீட்டுக்காரருடைய தரை. இந்தத் திரிசங்கு சொர்க்கத்தில் மரத்துக்கு எங்கே போவது?

"மரமில்லாத வீட்டில் காக்கைக்கு எங்கேடா சோறு வைக்கிறது?" என்று அம்மா முதல் நாள் கேட்டாள். அவளுக்கு எழுபத்தெட்டு வயது. அதற்கப்புறம் அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றிற்று.

ஜப்பானியர் 'போன்சாய்' என்று சொல்லும் குறுமர வளர்ப்பில் எனக்கு நாட்டம் உண்டானது அப்போதுதான். தட்டில் நட்டது என்பது அந்தச் சொல்லின் பொருள். சீன தேசத்தில் பிறந்து ஜப்பானில் மெருகேறிய கலை. முழு மரத்தின் கம்பீரமும் ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். எங்கள் தாழ்வாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரம் வேறு எது?

முதல் முயற்சியைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சென்னையில் ஒரு கடையில், ஒரு வாரச் சம்பளத்தைக் கொட்டிக் கொடுத்து, இச்சி ஜாதி மரம் ஒன்று வாங்கினேன். சித்திரை மாதம், கத்திரி வெயில். புத்தகத்தில் படித்ததையெல்லாம் அன்றைக்கே செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். காலையில் கிளைகளை வெட்டினேன். மத்தியானம் வேர்களை வெட்டித் தொட்டி மாற்றினேன். மாலையில் கம்பி சுற்றி வளைத்தேன். மூன்று வாரத்தில் மரம் காய்ந்து விறகாயிற்று. கடைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. "ஒரே நாளில் பல்லைப் பிடுங்கி, மொட்டை அடித்து, காதும் குத்தினால் எந்தக் குழந்தைடா பிழைக்கும்?" என்றாள் அம்மா. தாவர சாஸ்திரம் படித்த எவரும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மறுபடி ஒரு மரம் வாங்க வேண்டும். ஆனால் மறுபடி ஒரு வாரச் சம்பளத்தை இழக்க என் மனைவி சம்மதிக்க மாட்டாள். அவள் சம்மதிக்காதது நியாயமும்கூட. விதை போட்டு வளர்க்கலாமே என்பார்கள். வளர்க்கலாம். எனக்கு நாற்பத்தாறு வயது. விதையிலிருந்து கிளம்பி, அடிமரம் பருத்து, பட்டையில் சுருக்கம் விழுந்து, பார்ப்பவர் 'இது மரம்' என்று சொல்வதற்கு இருபது வருஷமாவது வேண்டும். அம்மாவின் வயதைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

போன்சாய்க் கடையில் நாம் விலை கொடுத்து வாங்குவது மரத்தையல்ல, வருஷங்களை. பருத்த அடிமரம் என்பது யாரோ ஒருவர் காத்திருந்த காலம். வாஷிங்டன் நகரத்துத் தேசியத் தாவரத் தோட்டத்தில் வெள்ளைப் பைன் மரம் ஒன்று தொட்டியில் இருக்கிறது. 1625 முதல் அதை வளர்த்து வருகிறார்கள். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, அந்த இடத்திலிருந்து இரண்டு மைலுக்குள், யமாக்கி என்பவருடைய குடும்பத் தோட்டத்தில் அது இருந்தது. மதில் சுவர் ஒன்று அதைக் காப்பாற்றிற்று. 1976-இல் அந்த மரத்தை அவர் குண்டு போட்ட தேசத்துக்கே நன்கொடையாகக் கொடுத்தார். அந்தச் சரித்திரத்தைக்கூட அவர் அங்கே விளம்பரப்படுத்தவில்லை. 2001-இல் அவருடைய பேரப்பிள்ளைகள் வந்து பார்த்தபோதுதான் அது எல்லோருக்கும் தெரிந்தது.

அப்படிப்பட்ட மரத்துக்கு நாம் விலை பேச முடியாது. ஆனால் பத்து வருஷம், பதினைந்து வருஷம் யாரும் கவனிக்காமல் ஒரு மூலையில் கிடந்து தானாகப் பருத்த செடி கிடைத்தால்? அந்த வருஷங்களை மலிவாக வாங்கலாம் அல்லவா? இதற்கு ஏற்ற இடம் கடியபுலங்காதான் என்று சொன்னவர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். அவருடைய மனைவிக்கு அந்தப் பக்கம் உறவு.

சென்னையிலிருந்து ராஜமகேந்திரவரம் சுமார் 580 கிலோமீட்டர். இரவு வண்டியில் ஏறிப் படுத்தால் விடியற்காலையில் கோதாவரிப் பாலம். தூங்கிக்கொண்டே இதைக் கடப்பவர்கள் பாக்கியம் செய்யாதவர்கள். பனி மூட்டத்துக்குள் ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. பக்கத்தில் பழைய ஹாவ்லக் பாலம், நூறு வருஷம் ரயில் சுமந்து 1997-இல் ஓய்வு பெற்று, தூண் தூணாக நின்றுகொண்டிருக்கிறது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியரைப் போல் அது எனக்குத் தோன்றியது என் உத்தியோகத்தின் கோளாறு.

ராஜமகேந்திரவரம் நமக்கு அந்நிய ஊர் அல்ல. பதினோராம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட ராஜராஜ நரேந்திரனுடைய தாயார் குந்தவை, நம் முதலாம் ராஜராஜ சோழனுடைய மகள். வந்தியத்தேவன் கதையில் வரும் குந்தவை அல்ல. அவளுடைய மருமகள், தம்பி பெண். இந்த நரேந்திரனுடைய சபையில் இருந்துகொண்டுதான் நன்னய பட்டர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். நரேந்திரனுடைய பிள்ளைதான் பிற்பாடு சோழச் சிம்மாசனத்துக்கு வந்த முதல் குலோத்துங்கன். ஆகவே தஞ்சை ஜில்லாக்காரன் கோதாவரிக் கரைக்கு மரம் வாங்கப் போவது சம்பந்தி வீட்டுக்குப் போவது போலத்தான் என்று வண்டியிலேயே மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஊரைத் தாண்டித் தவளேஸ்வரம். ஸர் ஆர்தர் காட்டன் 1847-இல் ஆரம்பித்து 1852-இல் முடித்த அணைக்கட்டு இங்கேதான் இருந்தது. இப்போது அதனிடத்தில் புதிய அணை நிற்கிறது. காட்டன் கோதாவரிக்கு வருமுன் கொள்ளிடத்தில் 1836-இல் அணை கட்டினவர். ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை நம் கல்லணையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கரிகாலன் பெயர் சொல்லும் அணையிலிருந்து கற்றது இங்கே வாய்க்கால் வாய்க்காலாக ஓடுகிறது. அந்த வாய்க்கால் தண்ணீரும், ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் மண்ணும் இருப்பதனால்தான் கடியம் வட்டாரத்தில் இத்தனை நர்ஸரிகள். ஜமீன்தாரோ சர்க்காரோ உத்தரவு போட்டு உண்டாக்கின தொழில் அல்ல.

கடியபுலங்காவில் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் எனக்குத் திகைப்பாகிவிட்டது. பெரிய ராஜபாட்டையின் இரு பக்கத்திலும், கண்ணுக்கெட்டிய தூரம், கறுப்புப் பாலிதீன் பைகளில் செடிகள். ரோஜா ஒரு ஏக்கர், குரோட்டன்ஸ் ஒரு ஏக்கர், தென்னங்கன்று ஒரு ஏக்கர் என்று போகிறது. லாரிகளில் மரங்களைப் படுக்க வைத்து, ஈரச் சாக்கால் மூடி, இந்தியாவின் நாலா திசைக்கும் அனுப்புகிறார்கள். வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பை நிரப்புவதும், ஒட்டுக் கட்டுவதும், களை பிடுங்குவதும் அவர்கள் கைதான்.

ரஸ்தாவை ஒட்டிய முகப்பில்தான் அலங்காரமெல்லாம். கடல் கடந்து கப்பலில் வந்த மரங்கள் அங்கே பீங்கான் தொட்டிகளில் கொலு வீற்றிருக்கின்றன. இங்கிலீஷ் 'எஸ்' எழுத்தைப் போல் அடிமரத்தை வளைத்த இச்சி மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒன்றின் முன்னால் நான் கால்மணி நேரம் நின்றேன். உண்மையைச் சொல்வதானால் மயங்கித்தான் போனேன். விலை என் இரண்டாயிரத்தைப் போல் நாலு மடங்கு. சற்றுக் குனிந்து பார்த்தபோது மயக்கம் தெளிந்தது. ஒரு சாண் உயரத்தில், தண்டைச் சுற்றி மோதிரம் போட்டது போல் ஒரு வீக்கம். அதற்குக் கீழே ஒரு பட்டை, மேலே ஒரு பட்டை. கீழே ஒரு ஜாதி, மேலே ஒட்டுக் கட்டியது வேறு ஜாதி. இந்தத் தழும்பு வயதாக ஆக மறையுமா என்றால், பெரும்பாலும் மறையாது, பெருக்கும். தவிர, எல்லா 'எஸ்'களும் ஒரே 'எஸ்'. அச்சு வார்த்த பிள்ளையாரை வாங்குவதற்கு அவ்வளவு தூரம் போவானேன்?

முகப்பைக் கடந்து பின்பக்கம் போனேன். நர்ஸரியில் மலிவான சரக்கு தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். வியாபாரிக்கு வேண்டியது நெட்டையாக, நேராக, தளதளவென்று வளர்ந்த செடி. நமக்கு வேண்டியது குட்டையாக, கோணலாக, அடி பருத்து, நுனி குறுகிய செடி. அவருக்குக் கழிவு நமக்குச் சரக்கு. லாரியில் ஏற்றும்போது தலை முறிந்தது, விற்காமல் நாலைந்து மழை பார்த்தது, வேலியாக நட்டு வெட்டி வெட்டி முண்டு முண்டாகத் திரண்டது, பைக்குள் அடங்காமல் கிழித்துக்கொண்டு பூமிக்குள் வேர் விட்டது – இவையெல்லாம் பின் வேலியோரத்தில், உரக் குழிக்குப் பக்கத்தில் இருக்கும்.

இலையைப் பார்த்து மயங்கக் கூடாது. இலை இன்று இருக்கும், நாளை உதிரும். வெட்டி விட்டால் புதிது வரும். இச்சி ஜாதி மரங்களில் தொட்டிக்கு வந்த பிறகு இலை சிறுத்தும் போகும். ஆனால் பூவும் காயும் சிறுக்க மாட்டா. குறுமரத்திலும் மாதுளம் பழம் தன் ஜாதிக்குரிய அளவில்தான் காய்க்கும். முதலில் பார்க்க வேண்டியது வேர். விரலால் மேல்மண்ணைத் தள்ளினால், தண்டின் அடியிலிருந்து வேர்கள் பல பக்கமும் பூமியைப் பற்றிக்கொண்டிருப்பது தெரிய வேண்டும். பைக்குள்ளேயே பாம்பு போல் சுற்றிக்கொண்டு, தன் கழுத்தைத் தானே நெரிக்கும் வேரானால் விட்டுவிடுவது நலம். அடுத்தது தண்டு. உயரத்தில் ஆறில் ஒரு பங்கு பருமன் இருந்தால் மரத்தின் தோற்றம் வரும் என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் கணக்கு. நான் அதை வேத வாக்காக எடுத்துக்கொள்வதில்லை. கடைசியாக, உயிர் இருக்கிறதா என்று நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்க வேண்டும். பட்டைக்குக் கீழே பச்சை தெரிந்தால் இருக்கிறது.

இப்படிக் கீறிக்கொண்டும் மண்ணைத் தோண்டிக்கொண்டும் நான் தவழ்ந்துகொண்டிருந்ததைக் களை பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி கவனித்தாள். ஐம்பது வயது இருக்கும். என்னுடைய கண்ணாடியையும் குடையையும் பார்த்ததும் உத்தியோகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன தேடறீங்க, மாஸ்டாரு?" என்று அவள் தெலுங்கில் கேட்டாள் என்று நினைக்கிறேன். வேலியோரத்தில் தலை முறிந்து நின்ற ஓர் இச்சி மரத்தைக் காட்டினேன். மணிக்கட்டுப் பருமன், ஒன்றரை அடி உயரத்தில் முறிவு. முறிவுக்குக் கீழே புதிய துளிர் ஒன்று பக்கவாட்டில் கிளம்பி வானத்தைப் பார்த்திருந்தது.

"விரிகிபோயிந்தண்டி!" என்றாள். முறிந்து போனது என்று அர்த்தம். "அதி பனிகிராது." அது எதற்கும் உதவாது.

உதவும் என்று எப்படிச் சொல்வேன்? முறிந்த இடந்தான் எனக்கு வேண்டும், அந்தத் துளிர்தான் இனி மரத்தின் தலை, முறிவினால்தான் அடி பெருத்து நுனி சிறுத்த உருவம் வரப் போகிறது என்பதையெல்லாம் தெலுங்கில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "எந்த?" என்றேன். நம் 'எந்த' அல்ல. தெலுங்கில் 'என்ன விலை' என்பதற்கு அதுவே போதும். அவள் மேஸ்திரியைக் கூப்பிட்டாள். மேஸ்திரி மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இருநூறு ரூபாய் என்றார். நான் நூற்றிருபது என்றேன். "மீ இஷ்டம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த மெச்சுதல் இருபது நிமிஷந்தான் நீடித்தது. மரம் பையைக் கிழித்துக்கொண்டு பூமிக்குள் வேர் விட்டிருந்தது என்று சொன்னேன் அல்லவா? அந்த அம்மாள் கடப்பாரையை எடுத்து வந்தாள். சுற்றிலும் அகழி மாதிரி தோண்டி, பக்க வேர்களை ஒன்றொன்றாக அறுத்து, ஆணிவேரிடம் வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கிற்று. நான் கடப்பாரையைக் கேட்டேன், கொடுக்கவில்லை. வேரைச் சுற்றி மண் உதிராமல் ஈரச் சாக்கில் கட்டி, என் காலடியில் வைத்தாள். பதினைந்து வருஷம் வளர்ந்த மரம், அதைத் தோண்டிய உழைப்பு, இரண்டுமாகச் சேர்ந்து நூற்றிருபது ரூபாய். மேஸ்திரியிடம் இருநூறாகவே கொடுத்தேன். அந்த அம்மாளிடம் தனியாக நூறு ரூபாய் நீட்டினேன். முதலில் மறுத்து, பிறகு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். செட்டுக்கும் ஓர் எல்லை உண்டு என்று என் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அப்போது என் கவலை.

மற்ற இரண்டும் எளிதில் கிடைத்தன. ஒன்று வேலியில் வெட்டி வெட்டித் தடித்த காகிதப்பூ அடிக்கட்டை. மற்றொன்று குருவிச்சி. சின்னஞ்சிறு இலையும் வெள்ளைப் பூவுமாக, நம் ஊர்ப் புதர்க் காடுகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் செடிதான். சீனாக்காரர்களும் ஜப்பானியரும் இதைத் தொட்டியில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். உள்ளூர் மரியாதை என்பது செடிகளுக்கும் இப்படித்தான் போலும். வழியில் ஓர் ஆசாமி என்னை மறித்து, பழைய மண்டபச் சுவரிலிருந்தும் மலையிலிருந்தும் நூறு வருஷத்து மரம் பெயர்த்துத் தருவதாக ரகசியமாய்ச் சொன்னான். வேண்டாம் என்றேன். காட்டு மரத்தை அனுமதியின்றிப் பெயர்ப்பது சட்ட விரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பாறையிடுக்கில் அத்தனை காலம் பிழைத்த மரம் என் கையில் மூன்று வாரம் பிழைக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது.

திரும்பும் வண்டியில் மூன்று மூட்டைகளையும் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். எதிரில் இருந்தவர், "ஸார், சென்னையில் விறகு கிடைப்பதில்லையா?" என்று விசாரித்தார். முறிந்த தலையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

அம்மாவும் அப்படித்தான் பார்த்தாள். "வளர வேண்டிய மரத்தை வளரவிடாமல் வைத்திருப்பது பாவமில்லையா?" என்றாள். பட்டினி போட்டுக் குள்ளமாக்குவதில்லை, உரமும் தண்ணீரும் வேளைக்கு உண்டு, வேரையும் கிளையையும் அளவாக வெட்டி வெட்டி வளர்க்கிறோம், தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது என்று நான் வகுப்பில் பேசுவது போல் பேசினேன். "நீ சொல்வாய்" என்றாள். அதோடு சரி.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. வேர் அறுபட்ட இச்சிக்குப் பாதி இலையைக் கிள்ளிவிட்டு, தண்ணீர் தங்காத பெரிய சட்டியில் செங்கல் ஜல்லியும் ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்து நட்டு, நிழலில் வைத்தேன். ஒரு கம்பிகூடச் சுற்றவில்லை. குளிர் கழிந்து மாசி மாதம் பிறந்த பின்னர்தான் முறிவைச் சாய்வாகச் சீவினேன். பால் வழிந்தது, பால் வழிந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். காகிதப்பூ பிழைக்கவில்லை. குருவிச்சி நன்றாயிருக்கிறது. இச்சி ஏழு இடத்தில் துளிர் விட்டிருக்கிறது என்று அம்மாதான் எண்ணிச் சொன்னாள். காலையில் நான் எழுந்திருக்குமுன் அவள் அதற்குத் தண்ணீர் வார்த்துவிடுகிறாள் என்பதும், அதன் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில்தான் காக்கைக்குச் சோறு வைக்கிறாள் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பங்குனியில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, அம்மா தன் பல்லாங்குழிப் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரைவிட்டு வரும்போது கொண்டுவந்த பலகை. குழிகளில் கொல்லை மரத்துப் புளியங்கொட்டைகள். அவற்றில் எட்டைப் பொறுக்கி, ராத்திரியே தண்ணீரில் ஊறப் போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பழைய தயிர்ச் சட்டி.

"இதற்கு அடியில் ஒரு துளை போட்டுக் கொடுடா. உன் மரத்துக்குப் போட்டாயே, அந்த மாதிரி" என்றாள்.

ஆணியும் சுத்தியும் எடுத்து வந்து போட்டுக் கொடுத்தேன். ஐந்து முளைத்திருக்கின்றன.